வயதான நாய்க்கு வலிமருந்து கொடுக்கும் வீட்டில் எந்தப் பொருள் உண்மையில் உதவுகிறது

எங்கள் நாய் மணிக்கு வயது 13. 22 கிலோ, லேப்ரடார் கலப்பு, பின்னங்கால் இரண்டிலும் மூட்டுத் தேய்மானம். வலிமருந்து கொடுக்காவிட்டால் எழுந்து நிற்கவே சிரமப்படுகிறான், தொடர்ந்து கொடுத்தால் அவ்வப்போது வயிறு கெட்டுப்போகிறது. நாய்க்கு வயதாகிவிட்டாலே இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்துவிடுகின்றன, அதன் பின்னாலேயே வயிற்றுக்கென்று விற்கப்படும் பொருட்களும் வீட்டில் குவிந்துவிடுகின்றன. வலிமருந்துத் திரவம், மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் தின்பண்டம், நல்ல பாக்டீரியாத் தூள், பேதிக்கான பசை, அமிலத்துக்கு மாத்திரை, வாந்திக்கு மாத்திரை, செரிமான உணவு என்று எல்லாவற்றையும் நாங்கள் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறோம். எது வாங்கியதற்கும் மெனக்கெட்டதற்கும் ஈடு கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று விவரமாக எழுதுகிறேன். நான் பார்ப்பது இதைத்தான்: பொருள் வயிற்றுக்கு உதவ வேண்டும், அதே சமயம் வயிறு கொடுக்கும் எச்சரிக்கையை மூடி மறைத்துவிடக் கூடாது. இரண்டாவதைப் பற்றிப் பொருட்களின் அட்டையில் யாரும் எழுதுவதில்லை.

முதலில் வயிறு ஏன் கெடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம், ஸ்டீராய்டு அல்லாத வீக்க நிவாரணிகள். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் தயாரிக்கவிடாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. சிக்கல் என்னவென்றால் இரைப்பையின் உட்சுவரில் சளிப்பூச்சு உண்டாவதற்கும், அங்கே ரத்தம் நன்றாக ஓடுவதற்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் இருப்பதற்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். நாய்களுக்கென்று வந்த மருந்துகளில் பல, காக்ஸ்-2 என்ற நொதியை அதிகமாகக் குறிவைத்து, இரைப்பையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ்-1ஐ ஓரளவு விட்டுவைக்கின்றன. அதனால் ஆஸ்பிரினைவிட வயிற்றுக்கு எவ்வளவோ மேல், ஆனால் முழுப் பாதுகாப்பு கிடையாது, ஏற்கெனவே உள்ள புண் ஆறுவதற்குக் காக்ஸ்-2வும் தேவைப்படுகிறது. இன்னொன்று, மருந்து இரைப்பையில் படுவதால் மட்டும் புண் வருவதில்லை, ரத்தத்தில் கலந்த பிறகும் அதே தடுப்பு வேலை நடக்கிறது. ஆகவே சாப்பாட்டோடு கொடுத்துவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்துவிட முடியாது.

இருந்தாலும் சாப்பாட்டோடு கொடுப்பதில் வேறு ஒரு பெரிய பலன் உண்டு. முதலில் தட்டை வைக்க வேண்டும், அவன் சாப்பிட்ட பிறகுதான் மருந்து. சாப்பிட மறுத்தால் அன்றைக்கு வலிமருந்து கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். பசியின்மைதான் பல நாய்களில் முதலில் தெரியும் அறிகுறி, மருந்தை முதலில் கொடுத்துவிட்டால் அதைப் பார்க்கும் வாய்ப்பே போய்விடுகிறது.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அதிக காலம் ஓடியது மெலாக்சிகாம் திரவம், மெட்டாகாம் என்ற பெயரில் வருவது. இதற்கு என் மதிப்பெண் அதிகம், காரணம் அளவை நுணுக்கமாக மாற்ற முடிவது. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து கிலோவுக்கு 0.1 மி.கி. என்பதுதான் நாய்களுக்கான வழக்கமான அளவு. நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, வலி கட்டுக்குள் இருக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று டாக்டர் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். மாத்திரையில் இதைச் செய்வது கஷ்டம், பாதியாக உடைக்கலாம், அதற்குமேல் உடைத்தால் தூளாகிவிடும். திரவத்தில் ஒரு கோடு கீழே இறக்கினால் போதும். எங்கள் டாக்டர் அப்படிக் குறைத்த பிறகு மணியின் வயிற்றுத் தொந்தரவு பாதிக்கு மேல் குறைந்தது, நடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வயிற்றுக்கென்று தனியாக வாங்கிய எந்தப் பொருளும் இந்த அளவுக்கு உதவவில்லை.

திரவத்தில் தேன் சுவை இருப்பதால் சாப்பாட்டின் மேல் விட்டாலே நக்கிவிடுகிறான். கூடவே வரும் சிரிஞ்சில் உடல் எடையைக் கிலோவில் குறித்திருப்பார்கள், மி.லி. கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. பாட்டிலைக் குலுக்கிவிட்டுத் தலைகீழாகப் பிடித்து உறிஞ்சும்போது சிரிஞ்சின் உச்சியில் ஒரு காற்றுக்குமிழி நிற்கும், அதை விரலால் சுண்டி வெளியேற்றிவிட்டு அப்புறம் கோட்டைப் பார்க்க வேண்டும், சின்ன நாய்க்கு அந்தக் குமிழியே அளவில் கணிசமான பங்கு. கவனிக்க வேண்டியது என்னவென்றால் இது மி.லி.க்கு 1.5 மி.கி. செறிவிலும் 0.5 மி.கி. செறிவிலும் வருகிறது. 22 கிலோ நாய்க்குத் தினசரி அளவு 2.2 மி.கி. என்றால் முதல் பாட்டிலில் அது சுமார் 1.5 மி.லி., இரண்டாவதில் 4.4 மி.லி. ஒன்றின் சிரிஞ்சை இன்னொன்றில் போட்டால் மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடும். வேறு நிறுவனங்களின் மெலாக்சிகாமுக்கும் இதே எச்சரிக்கைதான், அந்தந்தப் பாட்டிலோடு வந்த சிரிஞ்சை மட்டும் பயன்படுத்துங்கள், பாட்டில் காலியானதும் சிரிஞ்சையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதி வைப்பது நல்லது, ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

கார்ப்ரோஃபென் மாத்திரை, ரிமாடில் என்று வருவதையும் கொஞ்ச காலம் கொடுத்தோம். வலிக்கு நன்றாகவே கேட்டது. மெல்லும் மாத்திரையில் ஈரல் சுவை இருப்பதால் நாய் தின்பண்டம் என்றே நினைத்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடும், அதுதான் இதன் வசதி, அதுவேதான் ஆபத்தும். டப்பாவைக் கடித்துத் திறந்து முழுவதையும் தின்றுவிட்ட நாய்கள் உண்டு. குழந்தை திறக்க முடியாத மூடி நாய்ப் பல்லுக்குத் தாங்காது, பூட்டுள்ள அலமாரிதான் சரி. ஒரு வலிமருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் சில நாட்கள், பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்கள், இடைவெளி விடச் சொல்வார்கள். பழையது மிச்சம் இருக்கிறதே என்று சேர்த்துக் கொடுத்தாலோ, தோல் அரிப்புக்கு வேறு ஒரு டாக்டர் கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இதையும் கொடுத்தாலோ இரைப்பையில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் நாய் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் முதலில் சொல்லிவிடுங்கள், மூட்டுக்கான சத்து மாத்திரை உட்பட.

அடுத்தது மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் மென்மையான தின்பண்டங்கள், பில் பாக்கெட் வகை. கசப்பு மாத்திரைகளுக்கு இவை பெரிய உதவி. முதலில் வெறும் தின்பண்டம் ஒன்று, இரண்டாவதில் மாத்திரை, அவன் இரண்டாவதை மென்றுகொண்டிருக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்ட வேண்டும், மூன்றாவதின் அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடுவான். மாத்திரையைத் தொட்ட விரலால் தின்பண்டத்தின் வெளிப்புறத்தை மூடக் கூடாது, கசப்பு வாசனை ஒட்டிக்கொண்டால் மோந்து பார்த்துவிட்டுத் துப்பிவிடுவான். குறை என்று சொன்னால், ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இதுவே கணிசமான கலோரி, மூட்டு நோய் உள்ள நாய்க்கு எடை கூடினால் வலியும் கூடும். பாலாடைக்கட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் பயன்படுத்துபவர்கள் உண்டு. கொழுப்பு அதிகமான எதுவும் கணைய அழற்சி வந்த நாய்க்குக் கூடாது, வேர்க்கடலை வெண்ணெயில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். மனிதர்களுக்கு விற்கும் கேபாபென்டின் திரவத்திலும் இது இருக்கலாம், அதனால் நரம்பு வலிக்கு அந்த மருந்தை எழுதிக்கொடுத்தால் மாத்திரையாகவோ காப்சூலாகவோ கேட்டு வாங்குங்கள்.

நல்ல பாக்டீரியாத் தூளில் நாங்கள் வாங்கியது ஃபார்ட்டிஃப்ளோரா. ஒரு கிராம் பாக்கெட்டாக வருகிறது, தினமும் ஒன்றைக் கிழித்துச் சாப்பாட்டின் மேல் தூவ வேண்டும். என்டரோகாக்கஸ் ஃபேசியம் எஸ்எஃப்68 என்ற ஒரே வகை பாக்டீரியா. இது பேதியைத் தடுத்ததா என்று கேட்டால், அடிக்கடி இளகிப்போன மலம் கொஞ்சம் சீக்கிரம் இறுகியது என்று சொல்வேன், அதற்குமேல் சொல்ல மாட்டேன், ஏனென்றால் லேசான பேதி பெரும்பாலும் தானாகவே நிற்கக்கூடியது. ஆனால் இதை இன்றும் வாங்குகிறேன். தூளில் விலங்குப் புரதத்தை நொதியால் சிதைத்து எடுத்த சுவையூட்டி கலந்திருக்கிறது, பாக்கெட்டைக் கிழித்த உடனே ஈரல் வறுத்த மாதிரி ஒரு வாசனை வரும், தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாளில்கூட அந்த வாசனைக்கு மணி திரும்பி வருகிறான். வயிறு சரியில்லாத கிழட்டு நாயைச் சாப்பிட வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம். உணவு ஒவ்வாமை உள்ள நாய் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் விடுவது நல்லது.

பேதிக்கு மெட்ரோனிடசோல் எழுதுவது இன்னும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. மலம் இறுகுவது உண்மைதான், ஆனால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கலைத்துவிடுகிறது, மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் அது முழுசாகப் பழைய நிலைக்கு வராமல் இருக்கலாம். அளவு கூடினால் நாய் தள்ளாடும், கண் துடிக்கும். வயதான நாய்க்குக் கட்டாயம் தேவையா என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது, கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பசையில் புரோ-கோலின் வகையைச் சொல்ல வேண்டும். கயோலின் களிமண்ணும் பெக்டினும் அதே என்டரோகாக்கஸ் பாக்டீரியாவும் சேர்ந்தது, வளையம் வைத்த சிரிஞ்சில் வருகிறது, அளவுக்கு வளையத்தை நகர்த்தி வைத்துவிட்டு அழுத்தினால் அதற்குமேல் போகாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டால் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நக்கி முடித்துவிடுகிறான், பாதி தரையில் விழுவதில்லை. தண்ணீராகப் போகும் மலத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும், குடல் தானாக ஆறும்வரை வீடும் பின்னங்கால் முடியும் நாறாமல் காப்பாற்றும். இரவில் எழுந்து எழுந்து வெளியே போக வேண்டிய அவஸ்தை நாய்க்கும் குறையும், மூட்டு வலியோடு படி இறங்கும் நாய்க்கு அது சின்ன விஷயமில்லை. ஒரே நிபந்தனை, களிமண் மற்ற மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளக்கூடியது, அதனால் இதயம், வலிப்பு, தைராய்டு என்று எதற்காவது மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு நாளில் கேட்கவில்லை என்றால் இன்னொரு சிரிஞ்ச் வாங்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹில்ஸ் ஐ/டி, ராயல் கேனின் கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தோம், இரண்டுமே வேலை செய்தன. இரண்டிலும் கொழுப்புக் குறைவான வகை தனியாக இருக்கிறது, கணையப் பிரச்சினை இருந்த நாய்க்கு அதைத்தான் வாங்க வேண்டும். டப்பா உணவை லேசாகச் சூடு காட்டினால் வாசனை எழுந்து சாப்பிடுவான். தோலும் கொழுப்பும் நீக்கி வேகவைத்த கோழியும் சோறும் இரண்டு மூன்று நாளைக்குப் போதும், மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் சத்துக் குறைவு வரும். வயிறு கெட்டால் பட்டினி போட வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள், வயதான நாயை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளையாகக் கொடுப்பதைத்தான் இப்போது பரிந்துரைக்கிறார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுப்பது மணிக்கு வழக்கமாக இருந்தது, படுக்கும் முன் ஒரு கைப்பிடி உணவு வைக்க ஆரம்பித்ததும் அது நின்றுபோனது, அதற்கு எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை.

இனி அமிலத்துக்கான மாத்திரைகள், இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒமெப்ரசோல் நல்ல மருந்து. இரைப்பையில் புண் இருக்கிறது என்று டாக்டர் சந்தேகித்தால் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். 2018ல் வெளியான, அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் கூட்டு வழிகாட்டுதலும் புண்ணுக்கு, ஃபமோடிடின் என்ற இன்னொரு அமில மாத்திரையைவிட இதுவே மேல், அதுவும் நாளைக்கு இரண்டு வேளை கொடுத்தால்தான் சரியாக வேலை செய்யும் என்று சொல்கிறது. ஃபமோடிடின் தொடர்ந்து கொடுத்தால் சில நாட்களிலேயே பலன் தேய்ந்துவிடுகிறது. ஆனால் வலிமருந்து சாப்பிடுகிறதே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒமெப்ரசோலை மாதக்கணக்கில் கூடவே கொடுப்பதை அதே நிபுணர்கள் ஆதரிக்கவில்லை. அமிலம் குறைவதால் குடலின் பாக்டீரியா மாறுகிறது, நீண்ட நாள் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்குகிறது, ஆகையால் சில வாரங்களுக்கு மேல் கொடுத்திருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கொடுக்கும் முறையும் முக்கியம்: சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, காப்சூலுக்குள் இருக்கும் மணிகளை நசுக்காமல். நசுக்கினால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து அழிந்துவிடும்.

சுக்ரால்ஃபேட் வேறு மாதிரி. இது புண்ணின் மேல் போய் ஒட்டிக்கொண்டு ஒரு பூச்சு மாதிரி மூடிக்கொள்கிறது. மாத்திரையாக விழுங்க வைப்பதைவிடக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வெள்ளைக் கூழாக்கி ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுப்பதுதான் பலன் தரும், வெறும் வயிற்றில், மற்ற மருந்துகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. நாளைக்கு மூன்று வேளை இதைச் செய்வது பெரிய வேலை, வீட்டில் ஒருவர் இதற்காகவே நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புண் இருக்கும்போது அந்த வேலைக்குத் தகும், சும்மா குமட்டலுக்கு வேண்டியதில்லை.

வாந்தி மாத்திரை, மாரோபிடன்ட், செரேனியா என்ற பெயரில் வருவது. அமெரிக்காவில் 2007ல் நாய்களுக்கென்றே அனுமதி பெற்றது. மூளையில் வாந்தியைக் கிளப்பும் இடத்திலேயே போய்த் தடுக்கிறது, அதனால் காரணம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் வாந்தி நின்றுவிடும். வேலை செய்வதில் இதற்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். சாதாரண வாந்திக்கு ஒரு அளவு, பயண வாந்திக்கு அதைப் போல நான்கு மடங்கு, ஆகையால் பழைய பயணத்துக்கு வாங்கி மிச்சமிருக்கும் மாத்திரையை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதைவிடப் பெரிய காரணம், இது அவ்வளவு நன்றாக வேலை செய்வதுதான். வலிமருந்து சாப்பிடும் நாய் வாந்தி எடுக்கிறது என்றால் அது ஒரு தகவல். ஒருமுறை மணி ராத்திரியெல்லாம் உதட்டை நக்குவதும் எச்சிலை முழுங்குவதுமாக இருந்துவிட்டுக் காலையில் வாந்தி எடுத்தபோது டாக்டருக்குப் போன் செய்து, "வாந்தி நிக்க ஏதாவது சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டேன். அவர், "நிறுத்திடலாம்ங்க, அதுக்கு முன்னாடி மலம் என்ன நிறத்துல போச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க, வலிமருந்த இப்பவே நிறுத்திடுங்க, மாத்திரை நான் நாயைப் பார்த்த அப்புறம்" என்றார். பரிசோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, புண்ணுக்கான அறிகுறி இல்லை என்று தெரிந்த பிறகு அதே மாத்திரையைத்தான் கொடுத்தார், அன்று மாலையே மணி சாப்பிட்டான். குடலில் ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தாலும் இந்த மாத்திரை வாந்தியை நிறுத்திவிடக்கூடும், அடைப்பு உள்ளே அப்படியே இருக்கும்.

ஒரு பொருளைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது, பெயர் வேண்டாம். வயிற்றை இதமாக்கும் மூலிகை மெல்லு மாத்திரை என்று ஒன்று வாங்கினோம். அட்டையில் பத்துப் பதினைந்து பொருட்களின் பெயர், எதற்கும் அளவு போடவில்லை. பட்டியலின் நடுவில் வில்லோ மரப்பட்டைச் சாறு என்று இருந்தது, அது ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட்டைக் கொண்டது. ஏற்கெனவே மெலாக்சிகாம் சாப்பிடும் நாய்க்கு வயிற்றுக்கு நல்லது என்ற பெயரில் வயிற்றுப் புண்ணுக்கான பொருளையே இன்னொரு பங்கு கொடுப்பது எப்படி நியாயம்? வலிமருந்து சாப்பிடும் நாய்க்கு வேண்டாம் என்ற ஒரு வரிகூட அதில் இல்லை. டாக்டரிடம் காட்டினோம், கொடுக்க வேண்டாம் என்றுவிட்டார், டப்பாவைத் திறக்கவே இல்லை. அட்டையின் சின்ன எழுத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வீட்டில் நமக்கென்று இருக்கும் மாத்திரைகளுக்கும் இதே கதைதான். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் இரண்டும் நாய்க்கு விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேதிக்கு நாம் சாப்பிடும் லோபெரமைட், கோலி (Collie) என்ற இன நாய்களிலும் அதன் கலப்பினங்களிலும் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் மூளைக்குள் புகுந்துவிடக்கூடியது. பிஸ்மத் சாலிசிலேட் கலந்த வயிற்று மருந்து இரண்டு விதத்தில் கெடுதல்: சாலிசிலேட் வலிமருந்தோடு மோதும், பிஸ்மத் மலத்தைக் கருப்பாக்கிவிடும். வலிமருந்து சாப்பிடும் நாயின் மலம் கருப்பாக, தார் மாதிரி பிசுபிசுப்பாகப் போனால் மேல்குடலில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அந்த ஒரு அடையாளத்தைப் போய் நாமே குழப்பிக்கொள்ளக் கூடாது. சந்தேகமாக இருந்தால் மலத்தில் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் இழுத்துப் பாருங்கள், ஓரத்தில் செம்பழுப்புக் கசிந்தால் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் விலை குறைந்த மூன்று பொருட்களை வயதான நாய் இருக்கும் எல்லா வீட்டுக்கும் பரிந்துரைப்பேன். முதலாவது, காலை மாலை என்று பிரித்த ஏழு நாள் மாத்திரைப் பெட்டி. வீட்டில் இரண்டு பேர் மருந்து கொடுக்கும்போது, ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவர் கொடுக்கும் வாய்ப்பு இதில் கிடையாது. இரண்டாவது, அளவு குறித்த ஒரு தண்ணீர்க் குடுவை. காலையில் அளந்து ஊற்றி மறுநாள் மிச்சத்தை அளந்தால் எவ்வளவு குடித்தான் என்று தெரியும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் போனால், அதாவது 22 கிலோ உள்ள எங்கள் நாய்க்கு 2.2 லிட்டரைத் தாண்டினால், சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், பல நாய்களில் வாந்திக்கு முன்பே இது தெரிந்துவிடும். மூன்றாவது ஒரு சாதாரண நோட்டு. சாப்பிட்டானா, எவ்வளவு, வாந்தி என்ன நிறம், எந்த மருந்து எத்தனை மணிக்கு, மலம் எப்படி. மலத்துக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் போடும் அட்டவணை கால்நடை மருத்துவமனைகளில் இருக்கிறது, ஒன்று என்றால் கல் மாதிரி, ஏழு என்றால் தண்ணீர், இரண்டு சரியானது. போனில் "வயிறு சரியில்லை" என்று சொல்வதற்கும் "நேற்றிலிருந்து ஆறு, மருந்து கொடுத்து நாலு மணி நேரத்தில் வாந்தி, ஈறு வெளுக்கவில்லை, தண்ணீர் வழக்கம்போல" என்று சொல்வதற்கும் டாக்டர் கொடுக்கும் பதிலே மாறிவிடும்.

ஈறு வெளுப்பது, காப்பித்தூள் மாதிரி வாந்தி, கண் வெள்ளை மஞ்சளாவது, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது, வயிறு உப்பிக்கொண்டு வெறுமனே ஓங்கரிப்பது, இவற்றில் எது வந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே புறப்படுங்கள். மெலாக்சிகாம் போன்ற வலிமருந்தைச் சட்டென்று நிறுத்துவதில் ஆபத்தில்லை. ஆனால் பிரெட்னிசோலோனையும் வலிப்பு மருந்தையும் இதய மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது, வாந்தியில் அவை வெளியே வந்துவிட்டால்கூட மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

வலிமருந்தையே மாற்றும் யோசனையும் எங்களுக்கு இருக்கிறது. கேலிப்ரான்ட் 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, காக்ஸைத் தொடாமல் புரோஸ்டாகிளாண்டின் போய்ச் சேரும் ஒரு ஏற்பியை மட்டும் தடுக்கிறது, ஆனாலும் வாந்தியும் இளகிய மலமும் இதிலும் வரலாம். லிப்ரெலா மாதம் ஒருமுறை போடும் ஊசி, வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தைப் பிடித்து வைக்கும் எதிர்ப்பொருள், வயிற்றின் பக்கமே போவதில்லை. 2023ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2024 டிசம்பரில் தள்ளாட்டம், வலிப்பு உள்ளிட்ட பக்கவிளைவுகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கால்நடை மருத்துவர்களுக்குக் கடிதமும் அனுப்பியது. நன்றாக எழுந்து நடந்த நாய்களும் நிறைய உண்டு. மணிக்கு இப்போதைக்குக் குறைந்த அளவு மெலாக்சிகாம் போதுமானதாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் அடுத்த மாதம் வருகின்றன, சிறுநீரக எண்கள் ஏறியிருந்தால் ஊசிக்கு மாறிவிடுவோம் என்று டாக்டரோடு பேசி வைத்திருக்கிறோம்.